வண்டிக்கு வந்த குலைப்பன்

1

சனிக்கிழமை காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு எங்கள் பண்ணையின் பழைய பிக்கப் முதன்முதலாக நடுங்கியது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், நடுங்கிய உடனே நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு எது நடந்தாலும் முதலில் நேரத்தைப் பார்க்கும் பழக்கம் இலேசில் போகாது.

எங்கள் ஊர் கல்முனையில் இருப்பவர்களுக்கு, வண்டி நடுங்குவதெல்லாம் எழுதவேண்டிய செய்தியா என்று தோன்றும். நம்முடைய டிப்போவிலிருந்து புறப்படும் பஸ் நடுங்காமல் போனால்தான் நாங்கள் எட்டிப் பார்ப்போம். ஆனால் இந்த நடுக்கம் வேறு. வேக முள் நாற்பது மைலைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் தொடங்கி, தொடை வழியாக ஏறி, ஸ்டியரிங்கில் வைத்திருந்த என் விரல்களுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த மகள் பஸீலாவின் மடியிலிருந்த பென்சில் பெட்டி தானாகக் கிலுகிலுத்தது. வேகத்தைக் குறைத்தேன். நின்றுவிட்டது. கூட்டினேன். திரும்ப வந்தது.

எழுபதுகளின் கடைசியில், தெரிந்த ஒருவர் எடுத்துக் கொடுத்த விசாவில் நான் இந்த அரபு நாட்டுக்கு வந்தேன். கடற்கரை நகரத்திலிருந்து நூறு மைல் உள்ளே, ஈச்சை மரமும் குதிரைமசால் புல்லும் வளர்க்கும் ஒரு பண்ணையில் மேற்பார்வையாளர் வேலை. பண்ணைக் கிணற்றுத் தண்ணீர் மரத்துக்குக் காணும், மனிதருக்கு ஆகாது, உப்பு. குடிக்கிற தண்ணீரை இருபத்தெட்டு மைல் தூரத்திலுள்ள சிறுநகரத்திலிருந்து, பிக்கப்புக்குப் பின்னால் பூட்டிய இழுவைத் தாங்கியில் கொண்டுவர வேண்டும். கிழமைக்கு மூன்று தடவை நான்தான் போய்வருவேன். நகரத்திலுள்ள பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்தால் பஸீலாவும் என்னோடு வருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

இந்த வண்டி கடைசியாக நடுங்கிப் பன்னிரண்டு நாட்களாகின்றன. இதை எழுதும்போதும் என் கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை. அன்றைக்கு நான் என் மகளை இழந்திருப்பேன். இழக்கவில்லை. முறைப்பாடு சொல்ல இதை எழுதவில்லை; அல்லாஹ்வுக்கும், பெயர் தெரியாத இரண்டொரு மனிதருக்கும் நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். அத்தோடு, ஒரு வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் கையில் இருந்தும் படித்த ஒருவன் எப்படித் தவறவிட்டான் என்பதையும் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

2

இந்தப் பிக்கப்புக்குக் கிளச் இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தடி இருக்கும். அதை ‘டி’ என்ற எழுத்துக்குக் கொண்டுவந்தால் வண்டி போகும்; ‘என்’னுக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் சும்மா சுற்றும்; ‘பி’க்குத் தள்ளினால் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். இடையில் கியர் மாற்றும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். முதல் மாதம் நான் இடது காலை என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

தானாக மாறும் கியர் பெட்டி என்றால் எனக்கு அன்று தொட்டுப் பயம். கண்ணுக்குத் தெரியாத வேலையை யார் செய்தாலும் பயம்தான். அதனால் வண்டி நடுங்கியதும் வேறெதையும் நினைக்கவில்லை. கியர் பெட்டி போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். கியர் பெட்டி போனால் பண்ணைக்குத் தண்ணீர் இல்லாமல் போகும். ‘மாஸ்டர்தான் ஓட்டிக் கெடுத்தார்’ என்று முதலாளி நினைத்தால் குடும்ப விசா போகும். அந்த விசாவுக்காக நான்கு வருடம் தனியாகக் கிடந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து மனைவி சுபைதாவிடம் சொன்னேன். அவள் மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள். பாரம் இழுக்கும்போது மட்டும் நடுங்குகிறதா, எப்போதுமா என்றாள். பாரத்தோடு, நாற்பது மைலில் மட்டும் என்றேன். “அப்ப வண்டிக்குக் குலைப்பன் புடிச்சிரிக்கி” என்றாள். “விட்டு விட்டுத்தானே வரிது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயர். இன்றைக்குக் குலைப்பன் வந்ததா என்று அவள் கேட்பாள். ரெண்டு தரம் வந்தது என்பேன்.

நடுக்கத்தோடு வரும் மலேரியாக் காய்ச்சல்தான் குலைப்பன் என்று நம் பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. சாகாமத்துக் குளத்தின் கீழ் வயல் செய்த எங்கள் குடும்பத்தில் அது வராத ஆள் இல்லை. நாலு போர்வையைப் போட்டு, அதற்கு மேல் ஆள் ஏறிப் படுத்தாலும் கட்டில் ஆடும். பதினாறு வயதில் எனக்கு வந்தபோது கல்முனை ஆஸ்பத்திரியில் ஓர் அப்போதிக்கரி ஐயா இருந்தார். மருந்து எழுதுவதற்கு முன்பு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் மனப்பாடம். எத்தனை மணிக்கு நடுக்கம் வருது? எவ்வளவு நேரம் நிக்கிது? ஒவ்வொரு நாளுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? நடுக்கம் முந்தியா, சூடு முந்தியா? வாப்பா பொறுமை இழந்து, பிள்ளை நடுங்குறான், மருந்தக் குடுங்க என்று சொன்னதற்கு அவர், நடுக்கம் எல்லா நோய்க்கும் வரும், எப்ப வருதெண்டு தெரிஞ்சால்தான் எந்த நோயெண்டு தெரியும் என்றார்.

அவரை நினைத்துக்கொண்டு ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். தாங்கி இல்லாமல் ஓடினால் நடுக்கம் இல்லை. வெறுந்தாங்கியோடு ஓடினால் சாடையாக. நிறைந்த தாங்கியோடு முப்பத்தெட்டு மைலிலிருந்து நாற்பத்தேழு வரைக்கும் நல்ல நடுக்கம். கியர் பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைப் பார்த்தேன். முதல் வருடம் லொறி எண்ணெய் பார்ப்பது போல எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்து, நிறைய இருக்கிறதென்று ஏமாந்திருந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தேன். அளவு சரி, நிறம் சரி, கருகல் மணம் இல்லை. கடைசியாக ஒரு சோதனை: நாற்பது மைலில் போய்க்கொண்டிருக்கும்போதே தடியை ‘என்’னில் போட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டேன். எஞ்சின் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை.

இந்தக் கடைசி வரியை வாசிக்கும் எந்த லொறிக்காரரும் கியர் பெட்டியில் பிழை இல்லை என்று உடனே சொல்லிவிடுவார். எஞ்சினும் பெட்டியும் பாரத்தை விட்ட பிறகும் நடுங்குகிறதென்றால் நோய் அதற்குப் பின்னால் இருக்கிறது. நான் அந்த வரியை என் கையால் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டு, அதற்கடியில் ‘கியர் பெட்டி?’ என்று எழுதியிருக்கிறேன். பயம் அப்படித்தான் வாசிக்கும்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தக் கிழமையே பஸீலா சொன்னாள், மெதுவாகப் போகும்போது வண்டிக்குக் கீழே ஒரு குருவி கத்துகிறதென்று. நான், குருவிக்கு அங்கே என்ன வேலை, கண்ணாடியை மூடு என்றேன்.

3

இந்த நாட்டில் அரபு கதைப்பதில் எனக்கு இரண்டாவது இடம்தான். முதல் இடம் மகளுக்கு.

சிறுவயதில் குர்ஆன் பள்ளியில் ஓதியதை வைத்து, அரபு தெரியும் என்ற தைரியத்தில்தான் நான் விமானம் ஏறினேன். இங்கே வந்து பார்த்தால் அந்த அரபில் யாரும் தக்காளி வாங்குவதில்லை. விசாக் கந்தோரில் முதல் நாள், என் பாஸ்போட்டில் பிறந்த இடம் என்றிருந்த ‘கல்முனை’யை அந்த உத்தியோகத்தர் அரபு எழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் எழுதிய மாதிரி வாசித்தால் அரபில் ‘கல்லிமூனீ’ என்று வருமாம். என்னோடு கதையுங்கள் என்று பொருள். உன் ஊரின் பெயர் என்னோடு கதையுங்களா என்று கேட்டார்; அதற்குப் பதிலாக இரண்டு சொல் கதைக்க என்னால் முடியவில்லை. நல்ல மனிதர். சிரிப்பு முடியுமுன்னே முத்திரையைக் குத்தித் தந்துவிட்டார்.

வண்டி நடுங்கத் தொடங்கியதும் நான் தனியாகத்தான் கராஜுக்குப் போனேன். மெக்கானிக் ஸாலிஹ், வேறொரு அரபு நாட்டிலிருந்து எங்களைப் போல வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர். நடுக்கம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அரபுச் சொல் ஓதிய சூறாவில் வருவது ஒன்றுதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வண்டியில் ‘ஸில்ஸால்’ என்றேன். அவர் கையிலிருந்த சாவியைக் கீழே போட்டார். பூமி தன் பாரங்களையெல்லாம் வெளியே தள்ளும் உலக முடிவு நாளின் பூகம்பத்துக்கான சொல் அது. கராஜில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு, இந்த உஸ்தாதின் பிக்கப்புக்குக் கியாமத்து நாள் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தேநீர் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றதே தவிர, வண்டிக்குக் கீழே அவர் பார்க்கவில்லை.

அதனால் அடுத்த முறை பஸீலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இங்குள்ள அரபுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் கதைத்தால் இந்த ஊர்ப் பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். கடைக்காரர் எனக்கு விலை சொல்வதும் அவளுக்கு விலை சொல்வதும் வேறு வேறு. வீட்டில் எங்களோடு தமிழில்தான் கதைப்பாள். ஆனால் அந்தத் தமிழ் வருடா வருடம் சிறுத்துக்கொண்டு வருகிறது. சாப்பாடு, உடுப்பு, ஏச்சு, செல்லம், நோய் என்பவற்றுக்குச் சொல் இருக்கிறது. வயலுக்கும் மழைக்கும் இல்லை. ஊரிலிருந்து வரும் நீலக் கடிதங்களை நாங்கள் வாசித்துக் காட்டினால் பாதியில் எழுந்து போய்விடுகிறாள். அது எனக்குக் கவலை. ஆனால் அன்று கராஜ் வாசலில், பெரிய ஆட்களுக்கு நடுவில் பயமில்லாமல் நின்று என் மகள் கதைத்தபோது, கவலையை விடப் பெருமைதான் கூட இருந்தது.

நான் அவளிடம் சொன்னது இதுதான்: “பாரம் இழுத்தா, நாப்பது மைலுக்கு வண்டிக்குக் குலைப்பன் புடிக்கிதெண்டு செல்லு மகள்.”

அவள் சொன்னாள். ஸாலிஹ் உடனே தலையை ஆட்டினார். இந்தப் பிள்ளைக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே என்பது போல என்னைப் பார்த்தார். முன் மூடியைத் திறந்தார். றேடியேற்றரைக் கழுவினார். குழாய் ஒன்றை மாற்றினார். உள்ளே இருந்த ஒரு சிறு வால்வைக் கழற்றிப் புதியது போட்டார். நடுக்கத்துக்கும் றேடியேற்றருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. தானாக மாறும் கியர் பெட்டியின் எண்ணெய் றேடியேற்றருக்குள்ளே போய்த்தான் குளிர்ந்து வருகிறதென்று எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது. அப்படியென்றால் இந்த மனிதர் ஆழமாகத்தான் போகிறார் என்று மெச்சிக்கொண்டேன். பிழையான முடிவுக்கு நியாயம் தேடிக் கொடுக்கப் படிப்பைப் போல உதவி வேறில்லை.

திரும்பி வரும்போது தாங்கி பூட்டியிருக்கவில்லை. நடுங்கவில்லை. சுகம் வந்துவிட்டது என்று சுபைதாவிடம் சொன்னேன்.

4

நடந்தது ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. தாங்கி நிறைந்திருந்தது. பாதையில் நடுக்கம் திரும்பவும் வந்தது, முன்னைவிடப் பலமாக. வேகத்தைக் குறைத்துக்கொண்டு எப்படியாவது பண்ணைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பண்ணைக்கு இன்னும் ஆறு மைல் இருக்கையில் வீதி ஒரு கல்மலையின் மேல் ஏறும். ஏற்றத்தின் நடுவில், எங்கள் இருவருடைய காலுக்கும் அடியில் யாரோ சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். பிறகு இரும்பு தாரில் இழுபடும் சத்தம். எஞ்சின் உறுமியது. வண்டி போகவில்லை. கால் பிறேக்கை அழுத்தி ஓரத்து மணலில் நிறுத்தினேன்.

ஊரில் என் மச்சான் ஆதம்பாவா உழவு இயந்திரம் வைத்திருந்தார். அறுவடைக் காலத்தில் சாகாமத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வரும்போது, லீவு நாட்களில் நான் மட்காட்டில் குந்தியிருப்பேன். எங்கே நிறுத்தினாலும், எஞ்சினை நிறுத்துமுன்பே அவர் சொல்வது, கல்லை வை மச்சான் என்பதுதான். நான் குதித்து, சில்லுக்கு அடியில் கல் வைப்பேன். சமதரையிலும் வைக்கவேண்டும். ஒருமுறை, படிப்பிக்கிற மாஸ்டருக்குச் சமதரைக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று நான் கேட்டதற்கு, நெல்லுக்குத் தெரியாது மச்சான் என்றார். நம் பக்கத்தில் பாரம் இழுக்கிறவர் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

இங்கே வந்து முதல் வருடம் நானும் இருக்கைக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்துக்கொண்டு திரிந்தேன். பண்ணையில் எல்லோரும் சிரித்தார்கள். ‘பி’ இருக்கும்போது கல் எதற்கு என்றார்கள். உண்மைதான், ஒரு நாளும் அது கைவிடவில்லை. கைப்பிறேக்கின் கம்பி அறுந்து இரண்டு வருடமாகியும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கல்லை நான் எங்கே போட்டேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

அன்றைக்கும் தடியை ‘பி’யில் தள்ளிவிட்டு இறங்கினேன். ‘பி’ என்பது கியர் பெட்டிக்குள் இருக்கும் பூட்டு. அது சில்லை நேரே பிடிப்பதில்லை. பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீண்ட தண்டைப் பிடிக்கிறது. தண்டு சில்லைப் பிடிக்கிறது. தண்டு அறுந்தால் பூட்டு வெறும் காற்றைத்தான் பூட்டும். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு நெம்பையும் சில்லையும் படமாகக் கீறிக் காட்டியவன் நான். இறங்கும்போது அது தோன்றவில்லை.

தாங்கியின் சில்லு மணலில் இலேசாகப் புதைந்திருந்ததால் வண்டி சற்று நின்றது. நான் பின்னால் போய்க் குனிந்து, கீழே தலையை நீட்டப் போனேன். தாங்கிக்குள் தண்ணீர் ஒருதரம் பின்னுக்கு அலசியது. அந்த அசைவு போதுமாயிருந்தது. தலைக்கு நேரே இருந்த சில்லு உருளத் தொடங்கியது.

நான் பக்கத்தில் பாய்ந்தேன். பாய்ந்த பிறகுதான் பஸீலா உள்ளே இருக்கிறாள் என்பது நெஞ்சில் அடித்தது. வண்டி பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வளைவு. வளைவுக்கு அப்பால் பள்ளம். கதவைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கதவு திறந்தது, ஏற முடியவில்லை. பிறேக்கைக் காட்டிக் கத்தினேன். வேறு எந்தப் பாஷையும் வரவில்லை. எங்கள் ஊர்ச்சொல்தான் வந்தது.

“அமத்து மகள், அமத்து!”

அழுத்து என்பதற்கு நாங்கள் சொல்லும் அமத்து அவளுக்குத் தெரிந்த சொல். ஆடு மாடு குறுக்கே நின்றால் ஹோர்னை அமத்தச் சொல்வது அவளிடம்தான். என் பிள்ளை சொன்னபடி செய்தாள். நடுவில் நகர்ந்து வந்து, இரண்டு கையாலும் ஹோர்னை அமத்தினாள். முழுப் பலத்தோடு அமத்திக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தோடு வண்டி இறங்கியது. அவள் முகம் என்னைவிட்டுத் தூரப் போனது.

பிறகு தாங்கி ஒருபக்கமாக மடங்கியது. மடங்கிய தாங்கி பிக்கப்பின் பின்மூலையில் இடித்து, மணலுக்குள் உழுதுகொண்டு போய்ச் சரிந்தது. அதுவே முளையாகி வண்டியை நிறுத்தியது. வளைவுக்கு எத்தனை அடி இருந்ததென்று நான் பிறகும் போய் அளக்கவில்லை. அளக்கவும் மாட்டேன்.

நான் போய்ச் சேரும்போதும் அவள் கையை எடுக்கவில்லை. ஹோர்ன் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். நெற்றியில் ஒரு வீக்கம். வேறொன்றும் இல்லை.

5

தாங்கியின் மூடி கழன்று, நல்ல தண்ணீர் மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பதற்றத்தில் பஸீலா தன் பென்சில் பெட்டியில் தண்ணீர் பிடிக்கப் பார்த்தாள். சரிந்த பக்கத்தில் கால்வாசித் தண்ணீர் தங்கியிருந்தது. அதற்கு அல்ஹம்துலில்லாஹ். வெயிலுக்குத் தாங்கியின் நிழல் இருந்தது. அதற்கும். இரண்டு சில்லுக்கும் இப்போது கல் வைத்தேன். ஒன்றல்ல, நாலைந்து வைத்தேன்.

பிறகு கீழே படுத்துப் பார்த்தேன். தண்டின் பின்நுனியில், அது மேலும் கீழும் வளைந்து கொடுப்பதற்காக இருக்கும் யுனிவர்சல் ஜொயின்ட் உடைந்து, தண்டு தரையில் கிடந்தது. உடைந்த இடத்தில் கொழுப்பு ஒரு சொட்டும் இல்லை. செங்கல் தூள் போலத் துரு. கொப்பியின் ஒவ்வொரு வரியும் அந்த இடத்தில் விளங்கியது. பாரம் ஏறும்போது பிக்கப்பின் பின்பக்கம் தாழ்கிறது. தாழ்ந்தால் தண்டின் சாய்வு மாறுகிறது. காய்ந்த ஜொயின்ட் அந்தச் சாய்வில் பிடித்துப் பிடித்துச் சுற்றுகிறது. அதனால்தான் ‘என்’னில் போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மெதுவாகப் போகும்போது கத்தியதும் அதுதான். கியர் பெட்டி பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை.

“நீ சொன்ன குருவி இதுதான் மகள்” என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, கராஜில் ஸாலிஹிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஏசுவதற்காகக் கேட்கவில்லை. அவள் அரபுச் சொல்லைச் சொன்னாள்: ‘ஸுகூனா’. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன். காய்ச்சல் என்றாள். சூடு என்றும் வரும் என்றாள். நீங்கள் குலைப்பன் என்றுதானே சொன்னீர்கள், குலைப்பன் என்றால் காய்ச்சல்தானே வாப்பா?

பாரம் இழுத்தால் நாற்பது மைலில் வண்டி சூடாகிறது என்று கேட்ட எந்த மெக்கானிக்கும் றேடியேற்றரைத்தான் திறப்பார். அவர் சரியாகவே வைத்தியம் பார்த்திருக்கிறார், இல்லாத நோய்க்கு.

என் மகள் குலைப்பனைக் கண்டதில்லை. மருந்துக் குளிசையைக் கண்டிருக்கிறாள், அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். கட்டில் ஆடுவதைக் காணவில்லை. காணாமல் இருப்பதற்காகத்தானே அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுடைய தமிழில் குறைந்துபோன சொற்களைக் கணக்குப் பார்த்துக் கவலைப்பட்டவன் நான். அவள் வாழ்க்கையில் வராமல் போன நோய்களுக்கு நன்றி சொன்னதில்லை.

“என்னாலதானே?” என்று கேட்டாள்.

“இல்ல மகள். நடுங்குதெண்டு நான் செல்லியிரிக்கணும்.”

“நடுங்குதெண்டு செல்லியிருந்தா எனக்குத் தெரியும்.”

“ஓம். தெரியும்.”

பிறகு அவள், ஹோர்னை அமத்தியது சரிதானே என்றாள். அதைவிடச் சரியாக யாரும் அமத்தியிருக்க முடியாது என்று சொன்னேன்.

வரிசைப்படி சொன்னால் முதலாளியையும் ஸாலிஹையும் கடைசியில்தான் சொல்லவேண்டும். ஆனால் கடைசி இடம் வேறு ஆளுக்குரியது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலாளி மறுநாள் வந்து வண்டியைப் பார்க்கவில்லை. பஸீலாவின் நெற்றியைப் பார்த்தார். இரும்பு போனால் இரும்பு வாங்கலாம் என்றார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸாலிஹ் தானே வந்து புதிய ஜொயின்ட் போட்டு, கைப்பிறேக்குக்குக் கம்பியும் போட்டார். றேடியேற்றருக்கு வாங்கிய கூலியைத் திருப்பித் தரப் பார்த்தார்; நான் வாங்கவில்லை. போகும்போது பஸீலாவைக் கூப்பிட்டு, நடுக்கம், சத்தம், சூடு, ஒழுகல் என்று நான்கையும் அரபில் என்னிடம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவள் இப்போது எனக்குப் படிப்பிக்கிறாள். கண்டிப்பான ரீச்சர்.

6

எல்லாம் நின்றபோது மணி பதினொன்று முப்பத்தைந்து. அதற்குப் பிறகு இரண்டு லொறிகள் தூரத்துப் பாதையில் போயின, இங்கே திரும்பவில்லை. நடுப்பகல் ளுஹர் தொழுதோம். பஸீலா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கும்போது அவள் விரல்கள் அவ்வப்போது எதையோ அமத்தின. நான் அவளை எழுப்பவில்லை. மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டே கால் மணியளவில் பண்ணைப் பக்கமிருந்து புழுதி எழும்பியது. மண்ணிறமான ஒரு சிறிய பிக்கப். பின்னால் மூன்று ஆடுகள் நின்றன. ஓட்டி வந்தது ஒரு பெண், ‘பதவி’ என்று அரபியர் சொல்லும் நாடோடிக் கூட்டத்தவள். இந்த நாட்டில் நகரத்துப் பெண்கள் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. பாலைவனத்துக்குள் கூடாரம் அடித்து வாழும் இந்தப் பதவிப் பெண்கள் ஆட்டையும் ஓட்டுவார்கள், வண்டியையும் ஓட்டுவார்கள், யாரும் கேட்பதில்லை. முகத்திரைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி சுபைதா, தலைச்சீலையைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பஸீலா கேட்டுச் சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், நிற்காமல் ஒலித்த ஹோர்னைக் கேட்டிருக்கிறாள். இப்படி அடிக்கிறவன் ஆட்டுக்காக அடிக்கவில்லை என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. ஆடுகளைச் சேர்த்துப் பட்டியில் விட்டுவிட்டு, அடங்காத மூன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். அங்கிருந்து வீதிக்கு வரும் தடம் எங்கள் பண்ணை வழியாகத்தான் வருகிறது. பண்ணையில் நின்று கேட்டிருக்கிறாள். ஆண்கள் எல்லோரும் தூரத்துப் புல்வயலில். வெளியே வந்தது சுபைதா.

ஆறு வருடத்தில் சுபைதா பத்து அரபுச் சொல் படிக்கவில்லை. கடைக்கும் என்னையோ மகளையோதான் அனுப்புவாள். ‘ஸைய்யாறா’ என்றால் வண்டி என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் விளங்கியதாம். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பும் போடாமல் ஏறிவிட்டாள். வழியெல்லாம் இருவரும் கதைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவள் தமிழில், மற்றவள் அரபில்.

சுபைதா இறங்கினாள். சரிந்து கிடந்த தாங்கியைப் பார்க்கவில்லை. உடைந்த தண்டைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு சுடுமணலில் நேரே வந்து, பஸீலாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

அந்தப் பதவிப் பெண் வண்டியை விட்டு இறங்காமல், ஜன்னலால் கையை நீட்டி என்னைக் காட்டி, சுபைதாவிடம் ஏதோ கேட்டாள். பஸீலா தலையை எடுக்காமலே, உம்மாவின் சீலைக்குள்ளிருந்து தமிழில் சொன்னாள்: “இந்த ஆள் உங்கடயா எண்டு கேக்கிறா உம்மா.”

சுபைதா நிமிர்ந்து, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

“ஓம் தங்கச்சி. ரெண்டு பேரும் என்ட ஆக்கள்தான்.”